ஆட்டுக்காரரு வந்தாரா?

பாட்டுக்கடை அக்கா!

ஞானஸ்நானத்தில் உனக்கு வைத்த பெயர் கோயிலுக்குள்ளேயே இருந்துவிட்டது. ரோட்டில் போகிற வருகிற எல்லாருக்கும் நீ பாட்டுக்கடை அக்காதான். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அந்தப் பெயருக்குத்தான் நீ சட்டென்று திரும்புவாய்.

நான் எட்டாவதோடு நின்றவன். கதையெல்லாம் எழுதத் தெரியாது. உன்னிடம் பேசுகிற மாதிரி எழுதுகிறேன், படிக்கிறவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபப்படாதே.

பெருமாள்மலைக்குக் கீழே, பழனிக்கு இறங்குகிற ரோட்டில் ஒரு வளைவு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. அந்த வளைவில் நான்கு குச்சியும் ஒரு நீலத் தார்ப்பாயும்தான் நம் கடை. வேக வைத்த சோளம், சுக்குக் காப்பி, அந்தந்த மாதத்துக்குப் பேரிக்காயோ பிளம்ஸோ. நீ அடுப்பில் நிற்பாய், நான் தண்ணீர் சுமப்பேன். அம்மா பீன்ஸ் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவாள்.

மேகம் இறங்கினால் கடை காணாமல் போய்விடும். அடுப்பு எரிவதுகூட வெளியே தெரியாது. சோளம் வேகிற வாசனை மட்டும் எங்கிருந்தோ வரும். அந்த நேரத்தில் என் கையை நீட்டிப் பார்த்தால் அது வேறு யாரோ எனக்கு நீட்டுகிற கை மாதிரி இருக்கும். நான் பயந்தவன். நீ பயந்ததே இல்லை. நீ பாட ஆரம்பித்துவிடுவாய்.

அம்மா பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். அங்கே மேகம் மூடினால், கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்களாம், யாரும் தெரியாமல் பள்ளத்துப் பக்கம் போய்விடக் கூடாது என்று. அதைக் கேட்டுக்கேட்டுத்தான் நீ ரோட்டில் பாடத் தொடங்கினாய். வார்த்தை மட்டும் உன்னுடையது.

மலை மறையுது, வழி மறையுது,
நீங்க மறைய வேணாம் ஆயனே.

அவ்வளவுதான் பாட்டு. அதையே திரும்பத் திரும்பப் பாடுவாய். சத்தம் வருகிற இடம்தான் வளைவு என்று டிரைவர்களுக்குத் தெரியும். ஹாரன் அடித்து உனக்குப் பதில் சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்புவார்கள். வண்டி தெரியாது. மஞ்சளாக ஒரு வெளிச்சம் மட்டும் தண்ணீருக்குள் போகிற மாதிரி நம்மைத் தாண்டிப் போகும்.

அப்படித் தாண்டிப் போனவர்களில் ஒருவர் ஒருநாள் வண்டியை நிறுத்தி இறங்கினார். பாலசமுத்திரத்துக்காரர். பிக்கப் ஜீப்பில் கொய்யாவும் தேங்காயும் ஏற்றி மேலே வருவார், கேரட் ஏற்றிக்கொண்டு இறங்குவார். முன்கண்ணாடிக்கு மேலே பழனி முருகன் படம், அதற்கு ஒரு கதம்ப மாலை. காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு உன்னையே பார்த்தார்.

"ஏத்தா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். யாரு அந்த மாயன்?"

"எந்த மாயன்ணே?"

"அதான், நித்தம் கூப்பிடுறியே. மறைய வேணா மாயனே, மாயனேன்னு. எங்க ஊர்ல ஒரு மாயன் இருக்கான், லோடு ஏத்துறவன். அவன்தான்னா சொல்லு. காதைப் பிடிச்சு இழுத்துட்டு வாரேன். ஒரு பொம்பளப் பிள்ளைய இந்தக் குளிருல நின்னு கத்த விட்டுட்டு அவனுக்கு அப்படி என்ன சோலி?"

நீ சிரித்த சிரிப்பில் காப்பிச் சட்டி சாய்ந்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"மாயன் இல்லண்ணே. வேணாம், ஆயனே. ஆயன்."

"ஆயன்னா?"

"ஆடு மேய்க்கிறவரு. எங்க ஏசப்பாவ அப்படித்தான் சொல்லுவோம்."

"ஆட்டுக்காரரையா இம்புட்டு மரியாதையாக் கூப்பிடுற? என் தம்பியும் ஆட்டுக்காரன்தான். ஏலேன்னுதான் கூப்பிடுவேன், அதுக்கே திரும்ப மாட்டான்."

நீ அவருக்கு அந்தக் கதையைச் சொன்னாய். நூறு ஆட்டில் ஒன்று தொலைந்தது, மேய்க்கிறவர் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போனார், தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். நீ பிரசங்கம் மாதிரி சொல்லவில்லை. நேற்று பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிற மாதிரி, சோள மட்டையை உரித்துக்கொண்டே சொன்னாய்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"தொண்ணூத்தொம்பதையும் விட்டுட்டா? அதுகள நாய் கடிச்சா யாரு பாக்குறது? உங்காளுக்கு ஆடு மேய்க்கத் தெரியல தங்கச்சி."

"தொலைஞ்சது நீங்களா இருந்தா இப்படிக் கேப்பீங்களாண்ணே?"

அவர் பாதிக் காப்பியோடு கிளாஸை வைத்துவிட்டு வண்டி ஏறினார். கோபமாகிவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"திருப்பூருக்குப் போயிட்டு வந்தேன். மகன் அங்கதான் இருக்கான். சண்டை போட்டுட்டுப் போனவன், நானும் கூப்பிடல. லோடெல்லாம் அப்படியே கெடக்கட்டும்னு போட்டுட்டுப் போனேன்."

"வந்தாராண்ணே?"

"வரல. சோறு வாங்கிக் குடுத்தான். அவன் தலையத் தொட்டுட்டு வந்தேன்."

நீ அவருக்கு இன்னொரு காப்பி ஊற்றினாய். அன்றைக்கு மேகம் இல்லை. ஆனாலும் நீ மெதுவாகப் பாடினாய்.

அதற்குப் பிறகு அவர் வளைவுக்கு வந்தால் வண்டியிலிருந்தே கத்துவார்: "ஆட்டுக்காரரு வந்தாரா?"

"வந்துட்டாருண்ணே, இப்பத்தான் உங்க வண்டியில ஏறுனாரு. பாத்துப் போங்க, அவருக்கு மலை ரோடு ஒத்துக்காது!"

"டிக்கெட்டு எடுக்கச் சொல்லு!"

தினமும் இதே பேச்சுத்தான். நான் உன்னிடம் கேட்டேன், இவ்வளவு பழகுகிறாரே, ஏன் அவரை நம் கோயில் ஞாயிற்றுப் பூசைக்குக் கூப்பிடவில்லை என்று. "ஏலே, வந்த மனுசனை முதல்ல காப்பியக் குடிக்க விடுடா" என்றாய்.

கோடைக் கூட்டம் முடிகிற சமயம் உனக்குக் காய்ச்சல் வந்தது. சளி என்றுதான் நினைத்தோம். பிறகு மூச்சு வாங்கியது. அம்மா கைகால் ஓடாமல் அழுதாள். வெள்ளனே அந்த வளைவில் நின்று நான் மறித்தது அவருடைய வண்டியைத்தான். ஏற்றியிருந்த கேரட் மூட்டைகளோடு அப்படியே உன்னைக் கீழே கொண்டுபோனார். முன் சீட்டில் அவர், நடுவில் நீ, ஜன்னல் பக்கம் நான். அம்மா பின்னால் மூட்டைகள் மேல். மேகம் வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. உன் முகம் எனக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. உன் கையில் செபமாலை இருந்தது. அது உருளவில்லை.

நீ தூங்கிவிடக் கூடாது என்று அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஒரு வளைவில் கேட்டார்: "தங்கச்சி, ஆட்டுக்காரரு வந்தாரா?"

நீ பதில் சொல்லவில்லை. என் பக்கமாக ஒட்டி நகர்ந்து, காலையும் ஒடுக்கிக்கொண்டாய். குளிர்கிறது என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். நீ அதற்குப் பிறகு பேசவே இல்லை, அக்கா.

அடக்கம் முடிந்து, அம்மா சொல்லித்தான் கடையைத் திறந்தேன். ஆனால் பாடவில்லை. வளைவு தெரிவதற்கு ஒரு சிவப்பு பேட்டரி லைட் வாங்கிக் குச்சியில் கட்டினேன். வழக்கமான டிரைவர்கள் லைட்டைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், சோளம் வாங்குவார்கள், போவார்கள். பாலசமுத்திரத்து அண்ணன் முதல்நாள் வந்தபோது பழக்கத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டார், "ஆட்டுக்காரரு வந்தாரா?" கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வரலண்ணே" என்றேன். "அன்னைக்கும் வரல."

அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் பூசைக்குப் போனேன், மண்டி போட்டேன், வாய் மட்டும் அசைந்தது. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. நீ இத்தனை வருடம் மேகத்தில் நின்று கூப்பிட்டாயே, உனக்கு வழி மறைந்தபோது அவர் வந்தாரா? இதற்குப் பதில் தெரியாமல் அந்தப் பாட்டை நான் எந்த வாயால் பாடுவது?

இந்த ஐப்பசி மழையில் ஒருநாள் மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. மேகம் வெரசாக இறங்கியது. பேட்டரி லைட்டுக்குள் தண்ணீர் போய் அது அணைந்து கிடந்தது. நான் அடுப்புப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தேன். கனவு காண்கிற மாதிரிதான் இருந்தது. ஏனென்றால் மேலே ரோட்டிலிருந்து உன் பாட்டு இறங்கி வந்தது.

மலை மறையுது, வழி மறையுது,
நீங்க மறைய வேணா மாயனே.

கரடுமுரடான ஆம்பிளைக் குரல். ராகம் எங்கெங்கோ போனது. பாடிவிட்டு நிற்கும், பிறகு மறுபடி பாடும். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. வெளிச்சமும் இல்லை, ஹாரன் சத்தமும் இல்லை. வண்டியில் எல்லாம் போய்விட்டது. வளைவு எங்கே என்று தெரியாமல் பாலசமுத்திரத்து அண்ணன் பாட்டிலேயே வழி கேட்டுக்கொண்டு வருகிறார். அந்தப் பக்கம் பள்ளம்.

எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இன்ஜின் உறுமல் பக்கத்தில் வந்துவிட்டது. அப்போது எப்படியோ வந்தது அக்கா, உடைந்துபோய், என் குரல் மாதிரியே இல்லாமல். "வேணாம் ஆயனே" என்றேன். மேகத்துக்குள்ளிருந்து "மாயனே" என்றார். "ஆயனே" என்று கத்தினேன். "மாயனே" என்றார். இரண்டு பேர் சண்டை போடுகிற மாதிரி பாடிக்கொண்டே இருந்தோம். கடைசியில் நனைந்த ஜீப் மூக்கு மட்டும் என் முன்னால் முளைத்தது.

அவர் இறங்கி, முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"ஒயரு பூராம் நனைஞ்சு போச்சுடா தம்பி. ஒரு சுக்குக் காப்பி போடு."

போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன். நீ மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்ட. யாரு சொன்னா அவரு வரலன்னு?"

"நீங்க கேட்டீங்க. அக்கா பேசலியே."

"பேசலடா. நகந்தா. நான் ஸ்டியரிங்கப் பிடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு ஆளு உக்கார்ற அளவுக்கு எடம் விட்டா. மூச்சு விட முடியாத பிள்ள, காலையும் மடக்கிக்கிட்டு எடம் விடுது. அதுக்கப்புறம் கீழ வரைக்கும் வளைவுல எல்லாம் மெதுவாத்தான் ஒடிச்சேன். அவருக்கு மலை ரோடு ஒத்துக்காதுன்னு அவதான சொல்லுவா."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதேன். நீ போன பிறகு அப்படி அழுதது அன்றைக்குத்தான். நீ குளிரில் ஒடுங்கியதாக நினைத்தேன் அக்கா. இடம் விட்டிருக்கிறாய். நான் அந்த இடத்தில் போர்வையைத் திணித்துவிட்டேன்.

மழை விட்டும் அவர் போகவில்லை.

"எங்காளுகன்னா திதி குடுப்போம். உங்காளுகள்ல செத்துப்போனவகளுக்கு என்ன செய்யணும்?"

"கல்லறைத் திருநாள் வருதுண்ணே. மெழுகுவத்தி ஏத்தி, அவங்களுக்காகச் செபம் பண்ணுவோம்."

"செபம்னா எப்படி?"

"கூப்பிடணும்ணே. அவ்வளவுதான்."

"உங்காளுகதான் கூப்பிடணுமா? யாரு வேணாலும் கூப்பிடலாமா?"

"யாரு வேணாலும் கூப்பிடலாம்ணே."

"வார்த்தை தப்பாப் போனா?"

"நீங்க இன்னைக்குத் தப்பாத்தான பாடுனீங்க" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். வண்டியைக் கையால் காட்டி, "அப்ப ஆட்டுக்காரரு வந்தாரா?" என்றார்.

"வந்துட்டாருண்ணே. மெதுவாப் போங்க."

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும் சரி, போகாதவராக இருந்தாலும் சரி, என் அக்காவுக்காக ஒரு தடவை செபம் பண்ணுங்கள். செபம் பண்ணத் தெரியாவிட்டால் சும்மா கூப்பிடுங்கள். அவள் பெயர் தெரியவில்லையே என்று யோசிக்க வேண்டாம். பாட்டுக்கடை அக்கா என்று சொல்லுங்கள், அவருக்குத் தெரியும்.