மறுவாழ்வு ஆஸ்பத்திரியின் வாசற்படி

எங்கள் மறுவாழ்வு ஆஸ்பத்திரியை அரசாங்கம் கட்டவில்லை, ஊர்க்காரர்கள் கட்டினோம். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் கை கால் போனவர்களும், எளாவூர் ரோட்டில் லாரியில் அடிபட்டு முதுகு ஒடிந்தவர்களும் ஊருக்கு ஊர் படுத்துக் கிடந்தார்கள். உடற்பயிற்சிக்காகத் தினமும் சென்னைக்கா தூக்கிக்கொண்டு அலைவது? நெல் விற்ற கையோடு ஆளாளுக்குக் கொடுத்தார்கள். வாசல் நிலைக்கு மரம் என் மாமனார் கொடுத்தார், எங்கள் வரப்பில் நின்ற வேம்பு.

நிலை வைத்த அன்று நானும்தான் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். நவதானியம் போட்டு, சூடம் காட்டியதும் வாசற்படி அரைச் சாண் உயரத்துக்கு ஜம்மென்று உட்கார்ந்தது. வெளியே சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை, அது முடிகிற இடத்தில் படி! நடக்க முடியாதவர்களுக்குக் கட்டிய ஆஸ்பத்திரி ஐயா இது. கால் நன்றாயிருந்த எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

கவரைப்பேட்டையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய என்னை லாரி தட்டிய பிறகு எனக்கு உறைத்தது. விடாமல் பயிற்சி செய்தால் எழுந்து நின்றுவிடலாம் என்று சென்னை டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆசையாகத்தான் போனேன். ஒவ்வொரு நாளும் அந்தப் படியில் நாலு ஆம்பிளைகள் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். எவன் கை எங்கே படுகிறது, புடவை எங்கே விலகுகிறது என்று உடம்பே கூசிப்போகும். சீ, என்ன பிழைப்பு!

படியை அறுத்துவிடச் சொல்லி ஆஸ்பத்திரித் தலைவரிடம் கேட்டேன். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான்.

"நெலயில கை வெச்சா ஊருக்கே ஆவாதும்மா. தூக்கி வுடத்தான் ஆளுங்கோ இருக்காங்களே, இன்னா இப்போ?"

"ஒரு பலகையாவது சாய்ச்சிப் போடுங்க."

"லட்சுமி குந்தற எடம். அது மேல சக்கரத்த ஏத்துவியா?"

"ஊர பகைச்சிக்கினு எங்க போறது, கம்முனு கெட" என்றார் என் வீட்டுக்காரர். கம்மென்று கிடந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதையும் விட்டேன்.

போன வருஷம் ஒரு கம்பெனி பெரிய எக்ஸ்ரே மெஷினை இனாமாகக் கொடுத்தது. அது வாசலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. நாலு பேர் தூக்குகிற எடையா அது? அதே தலைவர், "இன்னாத்துக்கு யோசிக்கிற, அறுத்துப் போடு" என்றாராம். தச்சர் வந்து ஒரு டீ ஆறுவதற்குள் அறுத்துவிட்டார். ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேள்விப்பட்ட மறுநாளே போனேன், நானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு. யாரும் என்னைத் தொடவில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு. பயிற்சி கொடுக்கிற பெண் என் முழங்காலை மடக்கி நீட்டப் பார்த்தாள். அது மடங்கவில்லை.

"ஏங்க்கா இவ்ளோ நாள் வராம இருந்துட்டீங்க? மூட்டு இறுகிப்போச்சே. விடாம வந்திருந்தா இந்நேரம் நின்னிருப்பீங்க."

எதிர்ச் சுவரில் சாமி படத்துக்குக் கீழே, அறுத்தெடுத்த படியை மாலை போட்டு வைத்திருந்தார்கள். புதிதாக மஞ்சள் பூசியிருந்தது.

"என்னிய ஏம்மா கேக்கற?" என்றேன். "அந்தப் படியப் போய்க் கேளு."