மூன்று நாள் காபி

எழுபதுகளில் மைசூர் கிளப் ஒன்றில் நடந்த போக்கர் போட்டியைப் பற்றி எழுதப் போயிருந்தேன். ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் நின்று சீட்டுகளைப் பார்க்க நிருபர்களுக்கு அனுமதி உண்டு. ஆட வந்திருந்த உள்ளூர்த் தமிழர் ஒருவர் மூன்று நாளும் எனக்குக் காபி வாங்கித் தந்தார், கன்னடம் கலந்த தமிழில் கதை சொல்லிச் சிரிக்கவைத்தார். பந்தயம் கட்டுமுன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துப் புன்னகைப்பார். நட்பு என்று நினைத்தேன்.

இறுதி ஆட்டத்தில் அவருடைய எதிராளிக்குப் பின்னால் நின்றேன். எதிராளியிடம் நல்ல சீட்டு ஒன்றுகூட இல்லை; இருந்தும் பெரிய சீட்டு இருப்பதுபோல் எல்லாவற்றையும் பந்தயத்தில் வைத்து மிரட்டினார். நம்மவர் கண்ணாடியைத் துடைத்தார், என்னைப் பார்த்தார், துணிந்து கட்டி ஜெயித்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உங்க மொகந்தான் சொல்லிச்சு, நோடி, பாருங்க சார். மூணு நாளா காபி குடிச்சுக்கிட்டே அதைப் படிக்கத்தானே பழகினேன்."

வாசலில் தோற்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பின்னாடி நின்னது எனக்குத் தைரியமா இருந்துது சார்."