ஆறு ஓட்டை வச்ச அறை

அன்னைக்கு எங்க பழைய ஸ்டோரு மாடியில இருந்தது மொத்தம் ஆறு பேர். ஒண்ணு நான். ரெண்டு, என் தங்கச்சி செல்லத்தைப் பொண்ணு பார்க்க நோர்வூட் பக்கத்துல இருந்து வந்த மாப்பிள்ளை முத்துவேலு. மூணு அவங்க அம்மா, நாலு அவங்க தாய்மாமன். அஞ்சு, எங்க கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்துத் தொரையோட தங்கச்சி, சீமையில இருந்து வந்தவங்க, சின்ன தொரைசாணின்னு சொல்லுவோம். ஆறாவது, அந்தம்மா பேசுறதைத் தமிழ்ல சொல்ற பங்களா சமையக்காரர். என் தங்கச்சி அங்க இல்லை. கீழ லயத்துல, எங்க வரிசை வீட்டுல, கேசரி கிண்டிக்கிட்டு இருந்தா. இதைச் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவேன்.

நான் அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆனாலும் பேய் பிசாசை நம்புற ஆளு இல்லை. பயப்படுறதுக்கு எனக்கு வேற நெறைய இருந்துச்சு. மழை பெய்ஞ்சா கூரை ஒழுகுமேன்னு பயம், பெய்யாட்டி கொழுந்து வராதேன்னு பயம். இதுக்கு நடுவுல பேய்க்கு ஏது நேரம்.

அப்போ பெரிய பயம் தங்கச்சி கல்யாணம்தான். சின்னதுல கொதிக்கிற கஞ்சி கொட்டி அவளுக்கு இடது கை முழங்கை வரைக்கும் வெந்து தழும்பாப் போச்சு. அந்தக் கையைப் பார்த்துட்டு ரெண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தேத்தண்ணியைக்கூட முழுசா குடிக்காம எழுந்து போனாங்க. வயசும் இருபத்தாறு ஆயிருச்சு, இதுவும் போனா அப்புறம் யாரும் வரமாட்டாங்க. அதனால இந்தத் தடவை நான் ஒரு வேலை செஞ்சேன். தழும்பைப் பத்தி மூச்சு விடலை. மணிக்கட்டு வரைக்கும் கை வச்ச ரவிக்கை தைச்சுக் கொடுத்து, தாலி ஏறுற வரைக்கும் இதைக் கழட்டக் கூடாதுன்னுட்டேன். குளிர்ப் பிரதேசம், யாரு கேக்கப் போறாங்கன்னு ஒரு நெனப்பு.

இனி அந்த அறையைச் சொல்லணும். நான் ஸ்டோருல, அதான் ஃபேக்டரியில, தேயிலைப் பெட்டி அடிக்கிறவன். சின்ன தொரைசாணிக்குப் படம் வரையுறதுல பைத்தியம். என்னைக் கூப்பிட்டு, பழைய ஸ்டோரு மாடியில பெட்டிப் பலகையால ஆள் உசரத்துக்கு ஒரு அறை கட்டச் சொன்னாங்க. கதவு கிடையாது. உள்பக்கம் பூரா பெட்டிக்குள்ள ஒட்டுற ஈயத்தாள், பளபளன்னு. மேல வெளிச்சம் வர ஒரு சந்து. உள்ள அஞ்சே சாமான்: ஒரு ஏணி, கால் ஒடிஞ்ச நாற்காலி, ஒரு லாந்தர், ஒரு கொழுந்துக் கூடை, ஒரு கம்பளி. அஞ்சையும் வச்சது நான், கடைசிப் பலகையை ஆணி வச்சு அடைச்சதும் நான். சுத்தி ஆறு ஓட்டை, ஒவ்வொண்ணும் ஒரு உசரம், ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டுதான் தெரியும். வர்றவங்க பார்த்ததைச் சொல்லணும், அந்தம்மா எழுதிக்குவாங்க. "ஒருத்தர் பார்க்கிறது பூரா உண்மை இல்லையாம், எல்லாரும் சொல்றதைக் கூட்டினாலும் கொஞ்சம் மிஞ்சுமாம்" அப்படின்னு சமையக்காரர் சொன்னார். சொல்லிட்டு, "எனக்கும் விளங்கலை, நீ ஆணியை அடி"ன்னார்.

அந்த ஞாயித்துக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும், நல்ல வெயில். மெயின் ரோட்டுல பஸ்ஸை விட்டு இறங்கின மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைக் கூட்டிக்கிட்டு ஸ்டோரு வழியா வர்றேன், சின்ன தொரைசாணி வாசல்லயே நின்னு கையைப் பிடிக்காத குறையா கூப்பிடுறாங்க. மாப்பிள்ளையோட அம்மா, "வெள்ளைக்காரி கூப்பிட்டுப் போகாட்டி நல்லாருக்காது தம்பி"ன்னு முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு ஏறிட்டாங்க.

தாய்மாமன் முதல் ஓட்டையில கண்ணை வச்சார். "ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. முதுகுதான் தெரியுது, மஞ்சச் சேலை."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கம்பளியைப் பார்த்துட்டுச் சொல்றார்னு நெனைச்சேன். மாப்பிள்ளையோட அம்மா குனிஞ்சு கீழ் ஓட்டையில பார்த்தாங்க. "பாதம் தெரியுது. மெட்டி இல்லை. கல்யாணம் ஆகாத புள்ளைதான்."

அடுத்தது மாப்பிள்ளை. பார்த்தார், பார்த்துக்கிட்டே நின்னார், கண்ணை எடுக்கவே இல்லை. அப்புறம் மெதுவா, "மச்சான், இடது கை தெரியுது. முழங்கை வரைக்கும் பழைய தீக்காயம். அந்தக் கையாலதான் கூடையைப் பிடிச்சிருக்கு"ன்னார்.

நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க, அந்தத் தழும்பை நான் அவங்க யார்கிட்டயும் சொன்னதில்லை. அவரைத் தள்ளாத குறையா தள்ளிட்டு அதே ஓட்டையில பார்த்தேன். ஏணி. கூடையில பாதி. ஈயத்தாள்ல கோணலா என் கண்ணு. வேற ஒண்ணும் இல்லை. சமையக்காரரும் பார்த்தார், ஏணின்னார். சின்ன தொரைசாணி மட்டும் சந்தோஷம் தாங்காம எழுதிக்கிட்டே இருந்தாங்க.

"பொண்ணை இங்கயே கொண்டாந்து ஒளிச்சு வச்சிட்டு, லயத்துல பார்க்கலாம்னு கூட்டிட்டுப் போறீங்களாக்கும்"னு தாய்மாமன் என் தோளைத் தட்டினார்.

லயத்துக்கு வந்தோம். தங்கச்சி மஞ்சச் சேலையில தேத்தண்ணியோட வந்தா. மாப்பிள்ளையோட அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துட்டு, "இந்த வெயில்ல எதுக்கும்மா இவ்வளவு நீளக் கை"ன்னு கேட்டாங்க.

"அண்ணன்தான் போடச் சொன்னாரு. எனக்கும் புழுக்கமாத்தான் இருக்கு" அப்படின்னுட்டு, நான் கண்ணைக் காட்டக் காட்ட, இடது கையைச் சுருட்டி மேல ஏத்திட்டா.

நான் மூணாவது தேத்தண்ணியும் பாதியில நிக்கப் போகுதுன்னு கோப்பையையே பார்த்துக்கிட்டு இருக்கேன். மாப்பிள்ளை கோப்பையைக் காலி பண்ணிக் கீழ வச்சார். "மேலயே பார்த்துட்டேன் அம்மா. அந்தக் கையாலதானே கூடையைத் தூக்குது. எனக்குச் சம்மதம்."

மாப்பிள்ளையோட அம்மா என் பக்கம் திரும்பினாங்க. "மறைச்சது வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க தம்பி."

எனக்கு இருந்த பதட்டத்துல, "கொடுக்கிறதா சொன்ன ஆட்டுக்கு ஒரு காது இல்லைங்க"ன்னுட்டேன். லயமே சிரிச்சுச்சு, தங்கச்சிதான் எல்லாரையும்விடச் சத்தமா.

அடுத்த மாசமே கல்யாணம். காது இல்லாத ஆடும் போச்சு. அதுக்கு முன்னாடி, பொண்ணு பார்த்த மறுநாள் காலையிலயே நான் போய் அந்த அறையைப் பிரிச்சேன். நான் அடிச்ச ஆணி நான் அடிச்ச மாதிரியே இருந்துச்சு. அஞ்சு சாமானும் வச்ச இடத்துலயே. தரையில நான் அடைச்சதுக்கு அப்புறம் விழுந்த தேயிலைத் தூசி பாய் விரிச்ச மாதிரி படிஞ்சிருந்துச்சு, ஒரு காலடிகூட இல்லை.

இதோட முடிஞ்சிருந்தா இன்னும் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருப்பேன். பன்னெண்டு வருஷம் அப்படித்தான் சொல்லிச் சிரிச்சோம். போன மாசம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். எனக்கு இப்போ தலை பூரா வெள்ளை, முன் பல்லு ஒண்ணும் விழுந்திருச்சு. வாசல்ல நின்ன என்னை அவர் கொஞ்ச நேரம் ஒரு மாதிரி பார்த்தார்.

"மச்சான், அன்னைக்கு அந்த ஓட்டையில இன்னொண்ணும் பார்த்தேன். உங்க மூஞ்சி ஏற்கனவே வெளுத்துப் போயிருந்துச்சு, அதனால சொல்லலை. அந்தக் கைக்குப் பின்னால ஒரு வயசானவர் நின்னார். யாருன்னு இத்தனை வருஷமா தெரியலை, இப்பத்தான் தெரியுது. நீங்கதான். இதே தலை, இதே பல்லு. பழுப்புக் கோட்டு போட்டிருந்தீங்க."

"என்ன செஞ்சேன்?"

"சிரிச்சீங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு, என்னையே பார்த்து."

என்கிட்ட பழுப்புக் கோட்டு கிடையாதுன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள தங்கச்சி உள்ள இருந்து வந்து, குளிருக்கு ஆகும்னு அவர் போட்டுப் பழசான பழுப்புக் கோட்டைக் கையில கொடுத்துட்டா. வேணாம்னு சொன்னா அவ விடமாட்டா.

இப்போ அது எங்க வீட்டு ஆணியில தொங்குது. கொட்டகலைப் பனியில பல்லு கிட்டுது, போட்டுக்கிட்டா என்னன்னு வீட்டுக்காரி ஏசுறா. நான் போடலை, போட்டா அவர் பார்த்த ஆளு நானாயிருவேன். என் வாழ்க்கையில அந்த மாதிரி ஒரு சிரிப்பு நான் இதுவரைக்கும் சிரிச்சதே இல்லை.