தங்கையிடம் வாங்கிய ரசீது

சலவைக் கடைக்காரரை எல்லோரும் மடிப்பு என்றே கூப்பிட்டார்கள். அவர் தேய்த்த சட்டையின் மடிப்பில் விரல் பட்டால் அறுத்துவிடும் என்று கேலி. ஆளும் அப்படித்தான். யாராவது கால்சட்டைப் பையில் சில்லறையை மறந்துவிட்டால், அதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, அந்தத் துணியிலேயே பின் குத்தி அனுப்புவார். இப்படிப்பட்டவர்களைத்தான் சட்டம் தேடிப் பிடித்து மிதிக்கும்.

ஒரு பெரிய ஓட்டல் தன் படுக்கை விரிப்புகளை எல்லாம் அவரிடம் வெளுக்கப் போட்டது. தலைகால் புரியாமல் பேங்கில் கடன் வாங்கி ராட்சச சலவை மெஷின் ஒன்றை இறக்கினார். சோப்புத்தூள் வியாபாரியிடம் பாக்கி வைத்தார். அதுவும் பற்றாமல் தங்கையிடம் கைநீட்டினார். மில்லில் செத்துப்போன புருஷனுக்காக அவளுக்குக் கிடைத்த நஷ்டஈடு அது. துண்டுச் சீட்டுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வருஷமே ஓட்டல் இழுத்து மூடப்பட்டது. மெஷின் ஈரத்துணி நாற்றத்தோடு சும்மா நின்றது.

கடை தேறாது என்று தெரிந்த அன்று மடிப்பின் மனைவி சொன்னாள்: "பேங்க்காரன் நம்ம காசு இல்லாம பட்டினி கிடக்கப் போறதில்ல. உங்க தங்கச்சி கைக்குழந்தையோட மாமியார் வீட்டு ஹால்ல ஒண்டிக்கிட்டு இருக்கா. அவளுக்கு முதல்ல குடுத்துடுங்க."

நியாயமான பேச்சு. ஸ்கூட்டரையும் தேய்ப்பு மெஷினையும் விற்றுத் தங்கையின் பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு ரசீதையும் நீட்டினார்.

"எனக்கு எதுக்குண்ணா இதெல்லாம்?"

"கணக்குன்னா கணக்குதாம்மா. போடு."

அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அந்தப் பணத்தை அப்படியே முன்பணமாகக் கட்டி இரண்டு அறை வீடு ஒன்றைப் பிடித்துக் குழந்தையோடு குடிபோனாள். மடிப்பு நிம்மதியாகப் போய்த் திவால் மனு போட்டார்.

மனு என்றால் ஒரு கட்டுக் காகிதம். வீடு உண்டா, நிலம் உண்டா, நகை உண்டா என்று கேள்விமேல் கேள்வி. இல்லை, இல்லை என்று எழுதி எழுதி மனிதர் கூனிப்போனார். நடுவில் ஒரு கேள்வி: கடந்த இரண்டு ஆண்டுகளில் உறவினர் யாருக்காவது பணம் கொடுத்தீர்களா? ஆள் நாணயமானவனா என்று பார்க்கத்தான் இதைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார், பாவி மனுஷன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு 'தங்கைக்கு, முழுத் தொகையும்' என்று முத்துமுத்தாக எழுதினார். ரசீதைக் கட்டின் மேலேயே பின் குத்தி வைத்தார்.

மனுவை ஏற்ற நீதிமன்றம் பொறுப்பாக ஓர் அதிகாரியை நியமித்தது. சின்ன வயசுப் பெண். கோபமே வராத முகம். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"இந்தப் பணத்த நாங்க திரும்ப வாங்கணும்" என்றாள்.

"யார்கிட்டம்மா?"

"உங்க தங்கச்சிகிட்ட. நொடிஞ்சு போற நேரத்துல உங்ககிட்ட மிச்சம் இருக்கிறது எல்லாக் கடன்காரங்களுக்கும் பொது. சொந்தக்காரங்களுக்கு மட்டும் எடுத்துக் குடுத்தா மத்தவங்க பங்கும் அதுல போயிடுது. வாங்கித்தான் எல்லாருக்கும் பிரிக்கணும்."

மடிப்பு அவசரமாகச் சொன்னார்: "நான் மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்."

"கோர்ட் உத்தரவு வந்தாச்சு. இனி உங்க இஷ்டத்துக்கு எடுக்க முடியாது."

"அவளுக்கு நான் குடுக்கவே இல்லைன்னா?"

அந்தப் பெண் ரசீதை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அதில் குத்தியிருந்த பின் இன்னும் நேராகத்தான் இருந்தது.

நோட்டீஸ் கிடைத்ததும் தங்கை குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்தாள். உட்காரவில்லை.

"நீ வாங்கினப்ப நான் ரசீது கேட்டேனாண்ணா?"

"இல்லம்மா."

"குடுக்கறப்ப மட்டும் ஏன் வாங்கின?"

மடிப்பு என்ன சொல்வார்? நான் யோக்கியன் என்று எனக்கே காட்டிக்கொள்ள வாங்கினேன் என்றா? உண்மை அதுதான். அதைச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை.

அவள் வீட்டைக் காலி செய்து முன்பணத்தை வாங்கிக் கோர்ட்டில் கட்டினாள். திரும்பவும் மாமியார் வீட்டு ஹால், திரும்பவும் மாமியாரின் ஏச்சு. பங்கு பிரித்தபோது பேங்குக்கும் சோப்புத்தூள்காரருக்கும் பின்னால் அவளும் வரிசையில் நின்றாள். கைக்கு வந்தது ஒரு மாச அரிசிக்குக் காணாது.

பிறகு மடிப்புக்குக் கடனிலிருந்து விடுதலை உத்தரவு வந்தது. வாங்கப் போனவரிடம் அதிகாரிப் பெண், "இனிமே பழைய கடனுக்கு யாரும் உங்ககிட்ட வந்து நிக்க முடியாது" என்றாள், உண்மையான சந்தோஷத்தோடு.

"என் தங்கச்சி?"

"அவங்களும்தான் சார்."

இப்போது வேறொருவர் கடையில் கூலிக்குத் துணி தேய்க்கிறார். முதல் சம்பளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு தங்கையின் மாமியார் வீட்டுக்குப் போனார். அவள் கதவைப் பாதி திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துடறேம்மா. ரசீதெல்லாம் வேணாம். சும்மா வாங்கிக்க."

அவள் உறையைத் தொடவில்லை.

"எனக்கும் பேப்பர் வந்துச்சுண்ணா. நீ எனக்கு எதுவும் தர வேண்டியதில்லையாம். கோர்ட்டே சொல்லிடுச்சு."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.