படத்தில் பூஜை வாங்கிய வண்டி

திம்மராயனின் இடது காது பாதி செவிடு. அந்தப் பாதியை ஓசூரில் ஓர் இன்ஜின் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். இருபத்தேழு வருஷம் அவருக்கு ஒரே வேலை. இன்ஜினை மேடையில் பூட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்பது. வலது காது மிச்சம். அதை வைத்துக்கொண்டே, பாகலூர் ரோட்டில் லாரி போனால், சோற்றைப் பிசைந்தபடி, "மூணாவது சிலிண்டர் போச்சு" என்பார். ஒருமுறை தேன்கனிக்கோட்டையில் யானை பிளிறியதைக் கேட்டு, "இதுக்கு ஏர் ஃபில்டர் அடச்சிருக்குது" என்று சொன்னாராம். அவர் மனைவி சென்னம்மா சத்தியம் செய்கிறாள். நான் நம்புகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு அவர் வேலைக்குப் போய்ச் சேர்ந்தது வெங்கடப்பனின் கார் கொட்டகையில். வெங்கடப்பனின் அப்பா ரோஜா பயிரிட்டவர். மகன் அந்த நிலத்தை மனையாகப் பிரித்து விற்று ஒரு கார் வாங்கினார். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி உலகத்துக்கே தொண்ணூற்றொன்பதுதான் என்று சொல்லிச் செய்த கார். பணம் இருந்தால் மட்டும் கொடுத்துவிட மாட்டார்கள். அதே கம்பெனியின் சாதாரண வண்டிகள் இரண்டை முதலில் வாங்க வேண்டும். பிறகு மனுப் போட்டு, பெண் கேட்டுப் போனவன் போல் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். வெங்கடப்பன் காத்திருந்தார். நாற்பத்தொன்றாம் எண் கிடைத்தது.

நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை இரண்டரை வினாடியில் தொடும் வண்டி அது. ஆனால் வயிற்றுக்கும் தரைக்கும் நாலு விரல்தான் இடைவெளி. மாரியம்மன் கோயில் எதிரே இருக்கும் வேகத்தடையைத் தாண்டாது. அதனால் மூடிய லாரியில் படுத்துக்கொண்டு வந்து இறங்கியது. அதற்கு இரவு பகலாக ஏ.சி. ஓடும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். அந்தப் புகை பக்கத்து லைன் வீடுகளுக்குள் போகும். அங்கே பிள்ளைகள் இருமும்.

வண்டியைச் செய்தவர்கள் மேல் குறை இல்லை. சீட்டுக்குப் பின்னால் எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், முன் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மின் மோட்டார், இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் மூன்றாவது மோட்டார். மிதித்ததும் இன்ஜின் மூச்சுப் பிடிக்க எடுக்கும் அரை நொடியை மோட்டார்கள் நிரப்பிவிடும். பிரேக் போட்டால் வீணாகும் வேகத்தைக் கரண்ட்டாக்கிப் பெரிய பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். இன்ஜினைக் கிளப்பத் தனி ஸ்டார்ட்டர்கூட இல்லை. எடை குறைய வேண்டும் என்று அந்த வேலையையும் நடு மோட்டார் தலையில் கட்டிவிட்டார்கள். இதையெல்லாம் போனில் படித்த திம்மராயனுக்குப் பத்து நாள் தூக்கம் வரவில்லை. நிமிஷத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றில் அது எப்படிக் கத்தும்?

வேலைக்குச் சேரும்போது அவர் வைத்தது ஒரே நிபந்தனை.

"ஒரே ஒரு தடவ இன்ஜின ஓடவுட்டுக் கேக்கணும் சார். சம்பளம் நீங்களே பாத்துப் போடுங்க."

"ஆயுத பூஜைக்கு ஸ்டார்ட் பண்ணிடலாம்ணா" என்றார் வெங்கடப்பன்.

முதல் ஆயுத பூஜைக்கு நாள் சரியில்லை என்றார். இரண்டாவது ஆயுத பூஜைக்கு, ஓடாத வண்டிக்குத்தான் மதிப்பு என்று புதிதாகத் தெரிந்துகொண்டு வந்தார்.

அந்த மதிப்பைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். கதவைத் திறந்து, மூக்கை மட்டும் உள்ளே விட்டு, புது வாசனையை முகர்ந்து, "ஆஹா" என்பார்கள். பந்தியில் உட்காராமல் சாம்பார் அண்டாவை மட்டும் மோந்துவிட்டுப் போகிறவர்கள் மாதிரி. சீட்டின் பாலிதீன் பிரிக்கவில்லை. கையேடு போட்டு வந்த கவர் பிரிக்கவில்லை. சார்ஜ் போடும் மூடியின் மேல் கம்பெனி ஒட்டிய மெல்லிய ஸ்டிக்கர், அதுவும் அப்படியே.

"சார், பெரிய பேட்டரிக்கு மாசம் ஒருக்கா சார்ஜ் போடணும்னு எழுதியிருக்குது."

வெங்கடப்பனுக்கு முகம் வெளுத்தது. "எங்க? புஸ்தகத்தப் பிரிச்சிட்டியாண்ணா?"

"இல்லீங்க, போன்ல பாத்தேன்."

"அப்பாடா."

"அந்த ஸ்டிக்கர எடுத்தாத்தான் மூடி தொறக்கும்."

"எடுத்தா ஒரிஜினல் போச்சு. ஸ்டிக்கரோட இருக்கற வண்டி ஒலகத்துலயே நாலோ அஞ்சோதான். லைட்டுக்கும் திரைக்கும் இருக்கற சின்ன பேட்டரிக்குத்தான் சார்ஜர் வயர் மாட்டியிருக்குதே, போதும்."

"ஸ்டிக்கர் இருக்கும் சார். வண்டி செத்துப்போவும்."

"காலங்காத்தால நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

மூன்றாவது ஆயுத பூஜையன்று வண்டியை வாங்க ஒருவர் வருவதாக ஏற்பாடு. விற்றுவிட்டால் அந்தச் சத்தம் இந்த ஜென்மத்தில் கிடையாது. திம்மராயன் விடியுமுன் குளித்து, சந்தனம், குங்குமம், டயருக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். கம்பெனியில் எந்த மெஷினானாலும் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, ஒரு சுற்றாவது ஓடவிட்டால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு.

"வண்டி மேல குங்குமமா? கறை புடிச்சா என்னா ஆவறது?" வெங்கடப்பன் குறுக்கே பாய்ந்தார். "பெருசா ஒரு போட்டோ போட்டு வெச்சிருக்கேன். எல்லாத்தையும் அதுக்குப் பண்ணு."

திம்மராயன் சட்டம் போட்ட படத்தைக் கிழக்குப் பார்த்துச் சாய்த்து வைத்தார். ஆளுயர ரோஜா மாலை போட்டார். பொட்டு வைத்தார். விளக்கேற்றி ஊதுபத்தியும் கொளுத்தினார். பக்கத்தில் வண்டி, தலையோடு காலாக வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தது.

பத்து மணிக்குக் கோவிந்தப்பன் வந்தார். பெங்களூரில் கிரானைட் வியாபாரம், எழுபது வயது, வீட்டில் பதினெட்டு கார். உள்ளே கால் வைத்தவர் மாலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கைகூப்பினார்.

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "யாருப்பா போயிட்டாங்க?"

படத்தில் முகத்தைத் தேடினார். பம்பர்தான் தெரிந்தது.

"யாரும் போவலீங்க. வண்டிக்குத்தான் பூஜை" என்றார் வெங்கடப்பன்.

"வண்டி பக்கத்துலயே இருக்குதல்லப்பா! உசுரோட இருக்கறத வுட்டுட்டு யாராச்சும் போட்டோவுக்கு மாலை போடுவாங்களா? எனக்கு மனசு ஒப்பல. ஸ்டார்ட் பண்ணு. சத்தத்தக் கேட்டாத்தான் மேக்கொண்டு பேச்சு."

வெங்கடப்பன் அந்த ஏ.சி. குளிரிலும் வேர்த்தார். "பண்ணுண்ணா" என்றார்.

திம்மராயன் துணியை விலக்கினார். நாலு டயருக்கும் பழம் வைத்தார். பாலிதீன் நறநறக்க உட்கார்ந்து, வலது காதைப் பின்பக்கம் திருப்பி, பொத்தானை அழுத்தினார்.

திரை ஜகஜகவென்று விழித்து நாலு மொழியில் வரவேற்றது. பிறகு 'டிங்' என்றது. பேட்டரியில் சக்தி இல்லை, கம்பெனியைக் கூப்பிடவும் என்று சிவப்பு எழுத்து. மறுபடி அழுத்தினார். டிங். சின்ன பேட்டரி திரையை எழுப்பிவிட்டது. இன்ஜினை எழுப்ப வேண்டிய நடு மோட்டாருக்குப் பெரிய பேட்டரியில் ஒரு சொட்டு இல்லை. மூன்று பூஜை காத்திருந்த காதுக்குக் கிடைத்தது, லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம்.

கோவிந்தப்பன் செருப்பை மாட்டிக்கொண்டார். "காரியம் என்னிக்குன்னு சொல்லியனுப்பு, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மாலையப் போட்டுக் கெடுத்திட்டியே!" என்று கத்தினார் வெங்கடப்பன்.

"போட்டோவுக்குப் பண்ணச் சொன்னது நீங்கதானுங்க."

"அதுக்கு, சின்ன மாலையாப் போடக் கூடாதா?"

திம்மராயன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அழுகிய தக்காளிக் கூடைக்குள் கை விட்டவர் முகம் அப்படித்தான் இருக்கும். வண்டியின் பின்பக்கம் போய், நகத்தால் கீறி, ஸ்டிக்கரை ஒரே இழுப்பில் உரித்தார். சர்ரக் என்றது. அந்த வண்டியிலிருந்து டிங்கைத் தவிர வந்த ஒரே சத்தம். உரித்ததைப் படத்தின் கண்ணாடி மேல் அழுத்தி ஒட்டினார்.

"இந்தாங்க சார், ஒரிஜினல்."

எலுமிச்சம்பழம் நாலையும் பொறுக்கிக்கொண்டு நடந்தார். அத்தோடு அந்த வேலை முடிந்தது.

வீட்டு வாசலில் சென்னம்மா காத்திருந்தாள். "கேட்டீங்களா? எப்பிடி இருந்துச்சு?"

"லிஃப்ட்டு" என்று சொல்லிவிட்டுத் துப்பினார்.

தன் பழைய மொபெட்டுக்குப் பொட்டு வைத்தார். இரண்டு டயருக்கும் இரண்டு பழம். மீதி இரண்டைச் சென்னம்மா ஜூஸுக்கு எடுத்துக்கொண்டாள். மூன்றாவது உதையில் மொபெட் இருமி, புகைந்து, தெருவையே கூட்டிக் கத்தியது. ஓர் அடி முன்னால் நகர்ந்ததில் பழம் இரண்டும் நசுங்கின. திம்மராயன் வலது காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்குது" என்றார்.