சத்தம் நின்ற ஒழுங்கை

சதீசன் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் அவன் வாயில் ழகரம் ஒருநாளும் ளகரமானதில்லை. புங்குடுதீவில் யார் கண்ணை மூடினாலும் அவனுடைய ஆட்டோ ஒலிபெருக்கிதான் ஊருக்குச் சொல்லும். "மடத்துவெளியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட..." என்று அவன் தொடங்கினால், கிணற்றடியில் நிற்பவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள்.

ஓர் ஒடுங்கிய தெருவில், பூவரசு நிற்கும் ஒழுங்கையில் மட்டும் சத்தத்தை நிறுத்திவிடுவான். அங்கே கதிர்காமு பாரிசவாதத்தில் விழுந்து கிடந்தார்.

"தம்பி, செத்தவீட்டு அறிவித்தல் கேட்டால் இந்தாள் அண்டைக்குச் சாப்பாட்டைத் தொடாது. எங்கட வாசலைத் தாண்டுமட்டும் நிப்பாட்டும்" என்று அவர் மனைவி அம்பிகை கேட்டிருந்தாள். அன்றிலிருந்து ஒழுங்கை முகப்புப் பூவரசைக் கண்டதும் அவன் கை தானாகப் பொத்தானுக்குப் போகும்.

பங்குனியில் காணிக் கந்தோர் உத்தியோகத்தர்கள் அவனை அழைத்தார்கள். சொந்தக்காரர்கள் காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து பதிய வேண்டும். ஆடி முடிவதற்குள் எவரும் உரிமை கோராத காணி அரச காணியாகும். இதை ஊருக்குச் சொல்ல வேண்டும். அவன் குரல் கேட்டதும் பெண்கள் வாசல் படலைக்கு வந்தார்கள்.

"ஆர் மோனை போனது?"

"ஒருத்தரும் போகேல்லை, பெரியம்மா. காணி விசயம்."

"அப்ப காணிக்கோ செத்தவீடு?"

சிரித்தார்கள். சிரித்தாலும் போய்ப் பதிந்தார்கள்; கனடாவில் இருப்பவர்களுக்கும் போன் எடுத்துச் சொன்னார்கள்.

ஆவணியில் அம்பிகையின் வேலியில் 'அரச காணி' என்று பலகை தொங்கியது. அதைக் கண்டு சதீசன் ஆட்டோவை நிறுத்தினான்.

"என்ர சீதனக் காணி தம்பி இது. உறுதி அலுமாரிக்குள்ள கிடக்கு. தவணை முடிஞ்சுதாம். பக்கத்து வளவெல்லாம் பாழ், இந்தாளை விட்டிட்டு நான் வெளியில போறேல்லை. எனக்கு ஆர் சொன்னது?" அவள் ஒலிபெருக்கியைப் பார்த்தாள். "நீர் ஊரெல்லாம் சொன்னனீராம்."

"சொன்னனான் அக்கா." பூவரசடியும் பொத்தானும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. "உங்கட வாசலில நிப்பாட்டிப்போட்டன். பழக்கத்தில."

அம்பிகை வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டாள். "நான்தானே நிப்பாட்டச் சொன்னனான்."

மறுநாள் அவளையும் உறுதியையும் ஏற்றிக்கொண்டு கந்தோருக்குப் போனான்.

"அந்த ஒழுங்கையில நான் சொல்லேல்லை, ஐயா."

"முழு ஊருக்கும் சொன்னனான் எண்டு ஒப்பம் வைச்சது நீர்தானே?" என்றார் உத்தியோகத்தர். "இனி எங்களால ஒண்டும் செய்ய ஏலாது. கோட்டில வழக்குத்தான் போடவேணும்."

அம்பிகை உறுதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஐப்பசி மழையில் கதிர்காமு போய்விட்டார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்பிகை படலைக்கு வந்தாள்.

"இந்த முறை நிப்பாட்ட வேண்டாம், தம்பி. எங்கட வாசலில நிண்டு, பிறப்பிடமும் வதிவிடமும் வடிவாச் சொல்லும்."

பூவரசடியில் அவன் கை பொத்தானுக்குப் போனது, இழுத்துக்கொண்டான். பலகைக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தி, சத்தத்தை முழுதாகக் கூட்டினான். "மடத்துவெளியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட..." பெயரைச் சொல்லுமுன் 'வதிவிடமாகவும்' என்று இன்னொரு தரம் சொன்னான். இரண்டு பக்கத்து வளவுகளிலும் அதைக் கேட்க ஒருவரும் இல்லை.