பாலத்தடிக் கூழாங்கற்கள்

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு அறிவியல் எடுத்த டீச்சர், எந்தப் பாடமானாலும் கையில் தொட்டுக் காட்டாமல் விடமாட்டார். கலவைகள் பாடம் வந்ததும் ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொன்னார். ஒருத்திக்கு உப்பு, இன்னொருத்திக்கு மரத்தூள், பட்டறைக்காரர் வீட்டுப் பையனுக்கு இரும்புத்தூள். செராமிக் கம்பெனிகளில் அப்பா வேலை பார்க்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் நிறையப் பேர். அவர்களில் ஒருத்தியிடம் சூளைக்குப் போகாத பச்சைக் கோப்பை ஒன்றும் சூளையில் வெந்த கோப்பை ஒன்றும் கேட்டார். எனக்கு வந்தது கூழாங்கல்.

“ஆத்துலதான் கொட்டிக் கெடக்குதே, ஒரு பை அள்ளிட்டு வா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை மாவு அரைத்துவர அனுப்பினார். மில்லில் கூட்டம். அரிசித் தூக்கை வரிசையில் வைத்துவிட்டு, மஞ்சப்பையோடு மணிமுத்தாற்றுப் பாலத்துக்குக் கீழே இறங்கிவிட்டேன். தண்ணீர் கணுக்காலுக்குத்தான் ஓடியது. வெள்ளையும் சாம்பலுமாக வழவழவென்று கற்கள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினேன். கொண்டுபோய்ப் பள்ளிக்கூடப் பையின் அடியில் வைத்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒளிக்கவேண்டும் என்றில்லை, அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எதையும் சத்தமாகச் சொல்லும் வழக்கம் நின்றுபோயிருந்தது.

அத்தைதான் காரணம். அப்பாவின் அக்கா. அந்தச் சித்திரையில் மாமா காமாலையில் தவறிப்போன பிறகு, பிள்ளை குட்டி இல்லாத அத்தையை அப்பா எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டார். மாமா சூளையில் சரக்கு அடுக்கும் வேலை பார்த்தவர். வாய் ஓயாத மனிதர். என்னைக் கண்டால், “ஏ பீங்கான் பொம்மை, எங்கயாவது இடிச்சிக்கிட்டு ஒடைஞ்சி கிடைஞ்சி போவாத” என்பார். அத்தையோ வாயையும் அந்த வீட்டிலேயே பூட்டிவிட்டு வந்தவர்போல இருந்தார். அடுப்படிக்கும் பின்பக்கக் குழாய்க்கும் நடுவில்தான் நடமாட்டம். வாசற்படி தாண்டுவதில்லை. தட்டில் சோற்றைப் பிசைவார், பிசைந்துகொண்டே இருப்பார், பிறகு எழுந்து கைகழுவிவிடுவார். அவர் காதுபட ஆறு, சுடுகாடு, சாம்பல் என்று ஒரு வார்த்தை வரக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை வகுப்பு ஜோராக நடந்தது. டீச்சர் பச்சைக் கோப்பையை ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். நாங்கள் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் காது கழன்றது, விளிம்பு சரிந்தது, கொஞ்ச நேரத்தில் அடியில் சேறு.

“இத காயவெச்சு மறுபடி கோப்பை பண்ணலாமா?”

“பண்ணலாம் டீச்சர்!”

அடுத்து வெந்த கோப்பையைப் போட்டார். அது அப்படியே கிடந்தது. “பாத்தீங்களா? அதே மண்ணுதான். ஆனா நெருப்புல போயிட்டு வந்துடுச்சு. இனிமே தலைகீழா நின்னாலும் மண்ணாத் திரும்பாது. கல்லு மாதிரி ஆயிடுச்சு.” முன்னதை இயற்பியல் மாற்றம் என்றும் பின்னதை வேதியியல் மாற்றம் என்றும் கரும்பலகையில் எழுதினார்.

பிறகு ஒரு பெரிய பேசினில் மணல், மரத்தூள், உப்பு, இரும்புத்தூள் எல்லாவற்றையும் கொட்டினார். என் கற்களும் விழுந்தன. கட்டடம் கட்டுகிற வீட்டு வாசல் மணலில் பொறுக்கியதென்று ஒரு பையனும் கொஞ்சம் கூழாங்கல் கொண்டுவந்திருந்தான், அதுவும் விழுந்தது. டீச்சர் கையாலேயே கலக்கிவிட்டு, “நாளைக்கு இதையெல்லாம் பிரிச்சுக் காட்டணும்” என்றார். என் கல்தான் அழகு என்று பக்கத்துப் பெண் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையோடுதான் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். நல்லவேளையாக அத்தை குழாயடியில் இருந்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

“எங்கேருந்துடி எடுத்த?”

“பாலத்துக்குக் கீழ.”

அம்மா என் கையைப் பிடித்துச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டுபோய்க் குசுகுசுவென்று சொன்னார். “அடிப்பாவி, மாமாவோட எலும்ப அங்கதாண்டி வுட்டாங்க. நம்ம ஆத்துல போட்டா எலும்பெல்லாம் கல்லாயிடும். காசியில கூட அப்பிடி கெடையாது. அதுக்குத்தான் எங்கெங்கேருந்தோ இங்க வராங்க. நீ போயி அத பொறுக்கிட்டு வந்து ஸ்கூலு பேசின்ல போட்டிருக்கியே!”

நான் குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“அத்தைக்குத் தெரிஞ்சுதுன்னா அப்பிடியே உக்காந்துடுவாங்க. ஏற்கெனவே பாதி உசுருதான் இருக்குது. நாளைக்கு ஒரு கல்லு வுடாம கொண்டாந்து எங்கிட்ட குடு. ரெண்டு பேருமா போயி வுட்டுட்டு வந்துடலாம். மூச்சு வுடாத.” சொல்லிவிட்டு அம்மா மாடத்திலிருந்து திருநீற்றை எடுத்து என் நெற்றி நிறையப் பூசினார். எனக்கா, மாமாவுக்கா என்று தெரியவில்லை.

வேறு எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் ஒருவேளை சந்தேகப்பட்டிருக்கும். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அன்று காலைதானே கண்ணால் பார்த்தேன்? மண் நெருப்புக்குள் போனால் கல்லாகிறது, திரும்புவதில்லை. மாமாவும் நெருப்புக்குள்தான் போனார். அம்மா சொன்னதை டீச்சர் வாளியில் போட்டு நிரூபித்தேவிட்டார். அன்று என்னாலும் சோறு சாப்பிட முடியவில்லை. அத்தையும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தோம். “ஆழத்துப் பிள்ளையாரே, பேசினை யாரும் தொடாமப் பாத்துக்க” என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பழமலைநாதர் கோயிலில் படியிறங்கிப் போய்ப் பார்க்கவேண்டிய பிள்ளையார் அவர். மேலே இருக்கிற சாமிகளைவிட அவருக்குக் கூட்டம் குறைவு, சீக்கிரம் கேட்பார் என்று என் கணக்கு.

மறுநாள் பேசின் வராந்தாவில் இருந்தது. தமிழ் வகுப்பு முழுக்க ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயா பெருக்கிக்கொண்டே வந்து அதை நகர்த்தியபோது பெஞ்சிலிருந்து பாதி எழுந்தேவிட்டேன். நகர்த்தினாரே தவிரக் கொட்டவில்லை.

அறிவியல் வகுப்பில் எல்லாரும் வராந்தாவில் சூழ்ந்துகொண்டோம். காந்தத்தை வைத்ததும் இரும்புத்தூள் முள்ளுமுள்ளாக ஒட்டிக்கொண்டு வந்தது. மீதியைச் சல்லடையில் போட்டார்கள். மணலும் தூளும் கீழே இறங்க, கற்கள் மேலே நின்றன. என்னுடையது எது, கட்டட மணல் பையனுடையது எது? இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. நான் கையைத் தூக்கினேன்.

“டீச்சர், கல்லுலேருந்து கல்லை எப்பிடிப் பிரிக்கிறது?”

வகுப்பு சிரித்தது. டீச்சர், “ரெண்டுக்கும் ஏதாவது வித்தியாசம் இருந்தாத்தாம்மா பிரிக்க முடியும்” என்றார். அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பட்டறைக்காரர் வீட்டுப் பையன் சல்லடையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, வேலியோரம் வாலாட்டிக்கொண்டு நின்ற நாய்மேல் விட்டெறிந்தான்.

“டேய், அது எங்க மாமாடா!” என்று கத்திவிட்டேன்.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு வராந்தாவே அதிர்ந்தது. “ஏய், நாயி உங்க மாமாவக் கவ்விக்கிட்டுப் போவுதுடி!” என்றான் ஒருத்தன். “மாமா, அப்பிடியே சட்டினி அரைக்கக் குழவி ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்று இன்னொருத்தன். நான் வேலிக்கு ஓடினேன். எருக்கஞ்செடிக்கு அடியில் கல் கிடந்தது. அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

டீச்சர் வந்து பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, “எலும்பு கல்லாவறது வேதியியல் மாற்றம்தான டீச்சர்?” என்று கேட்டேன்.

அவர் வேப்பூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர். எங்கள் ஆற்றைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? என் விரலை விலக்கிக் கல்லைப் பார்த்தார். “எனக்குத் தெரியலம்மா. புத்தகத்துல அப்பிடி இல்ல” என்றார். பிறகு எழுந்து பிள்ளைகளைப் பார்த்து, “இங்க யாரு சிரிச்சது? அவங்க வூட்டுல ஆளு போயிட்டாங்க. வந்து கல்லப் பொறுக்கிக் குடுங்க” என்று அதட்டினார். கல்லெறிந்த பையன்தான் முதலில் வந்தான். எது யாருடையதென்று தெரியாததால் எல்லாக் கல்லையும் கழுவி என் மஞ்சப்பையில் போட்டுக் கட்டினார்கள். டீச்சர் பேசினைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை. ரேஷன் கடைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தது அத்தை. என் தோளிலிருந்து பையை வாங்கியவரின் கை கீழே தாழ்ந்தது.

“என்னாடி இம்மாங் கனம்? கல்லா வெச்சிருக்கற?”

சாதாரணமாகத்தான் கேட்டார். நான்தான் பதறிப் பையைத் திரும்பப் பிடித்து இழுத்தேன். அத்தை என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். உட்கார்ந்து, புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டு, மஞ்சப்பையின் முடிச்சை அவிழ்த்தார்.

“எங்க எடுத்தது?”

பொய் சொல்ல வாயெடுத்தேன். சாமி மாடத்துக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தேன், வரவில்லை. “பாலத்துக்குக் கீழ, அத்தை. தெரியாம எடுத்துட்டேன். அம்மா திருப்பிக் கொண்டுபோய் வுட்டுடலாம்னு சொன்னாங்க” என்றேன். அத்தை அப்படியே சாய்ந்துவிடுவார், தண்ணீர் தெளிக்கவேண்டும் என்று சொம்பு எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அத்தை சாயவில்லை. ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். “பாலத்துக்குக் கெழக்காலயா, மேக்காலயா?”

“மேக்கால.”

“தண்ணி ஓடுதா அங்க?”

“கொஞ்சமா ஓடுது.”

“நெழலு கிழலு ஏதாவது இருக்குதா?”

“கரையில ஒரு புங்கமரம் இருக்குது, அத்தை.”

புங்கமரத்தைக் கேட்டதும் அத்தை எழுந்துகொண்டார். முகம் கழுவினார். புடைவையை உதறிக் கட்டிக்கொண்டார். எத்தனையோ நாளாகத் தூசி படிந்து கிடந்த செருப்பைத் தேடி எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு, “வா, காட்டு” என்றார்.

“அம்மா வந்துடட்டும் அத்தை...”

“உங்கம்மா வந்தா வுடமாட்டா.”

தெருவே வேடிக்கை பார்த்தது. “என்னா, எங்க கெளம்பிட்டீங்க?” என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தப் பிடி நோகும்படி இருந்தது. வழியெல்லாம் எனக்கு ஒரே பயம், ஆற்றைப் பார்த்ததும் அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவுக்கு என்ன சொல்வேன்?

சரிவில் இறங்கினோம். அத்தை செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போய் நின்றார்.

“இங்கதானா?”

நான் கல் பொறுக்கிய இடம் அதுதான். மாமாவை விட்ட இடம் அதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அத்தை கேட்டவிதத்தில் இல்லையென்று சொல்ல முடியவில்லை. “இங்கதான் அத்தை” என்றேன்.

கொட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அத்தை குனிந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, தரை தட்டியபிறகுதான் விரலைப் பிரித்தார். தூங்குகிற பிள்ளையைத் தூளியில் போடுகிறவர்களுக்கு அப்படி ஒரு கை வரும். கட்டட மணல் பையனின் கல்லும் அதில் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. எது என்று கேட்டால் காட்டத் தெரியாதே என்று பேசாமல் இருந்துவிட்டேன். எதிர்வீட்டில் சொல்லியிருக்கவேண்டும், அம்மா மூச்சிரைக்க மேலே கரையில் ஓடிவந்தது தெரிந்தது. “அண்ணி” என்று கூப்பிட வாயெடுத்தவர், கூப்பிடாமல் புங்கமரத்தடியிலேயே நின்றுகொண்டார்.

எல்லாக் கல்லும் போனபிறகு அத்தை நிமிர்ந்து இரண்டு பக்கமும் பார்த்தார். “நல்ல எடமாத்தான் இருக்குது” என்றார்.

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. “அன்னிக்கு அப்பா, பெரியப்பா எல்லாரும் வந்தாங்களே, நீங்க ஏன் அத்தை வரல?”

“என்னை யாரு கூப்ட்டா?”

வீட்டுக்கு வந்து அத்தை தட்டில் போட்டதைச் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழமலைநாதா என்றார். கல்லெல்லாம் பத்திரமாக ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் சாமி அத்தையைக் காப்பாற்றிக் கொடுத்தது என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அத்தை சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் மனசுக்குள் இருந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது நெருங்கின சொந்தமே விட்டுப்போகும், பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை வரும். அப்படித்தான் இதிலும் அவசரத்தில் ஆண்பிள்ளைகள் மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். வேலை முடிந்து வந்த அப்பா பின்பக்கக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் துண்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

“ஏன் அப்பா, ஆத்துக்குப் போறப்ப அத்தையக் கூப்புட மறந்துட்டீங்களாமே?”

அப்பா கழுவின காலையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன்.